ருக்குமணிக்கு அழுத மருமவன்

மருமவனே, மூக்கைச் சிந்திட்டு இப்படித் திண்ணையில வந்து உக்காரும். உம்ம அத்தை காப்பி ஆத்தி வச்சிருக்கா, குடிச்சிக்கிட்டே கேளும். கொடைக்கு ஊருக்கு வந்த ஆளு அம்மனைப் பாத்துக் கண்ணு கலங்கினா அதுல ஒரு நியாயம் உண்டு. நீரு என்னடான்னா மச்சுல ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டு, அந்த டப்பா ஸ்பீக்கர்ல ரோஜா படத்துப் பாட்டைப் போட்டு அழுதுக்கிட்டுக் கெடக்கீரு. அழும், யாரு வேண்டாம்னா. ஆனா எந்தப் பாட்டுக்கு அழுகை வந்துதுன்னு கீழ இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ‘காதல் ரோஜாவே’க்கு அழுதிருந்தா ஊரு ஒத்துக்கிடும். நீரு அழுதது ‘ருக்குமணி ருக்குமணி’க்கு. புதுசாக் கல்யாணம் ஆன சோடியைக் கெழவிங்க எல்லாம் கூடிக் கேலி பண்ணி ஆடுத பாட்டு வே அது! அதுக்குக் கண்ணீர் விட்ட மொத ஆம்பளை தென்காசி வட்டாரத்துலயே நீராத்தான் இருக்கும்.

ஏன் அழுதோம்னு உமக்கே தெரியாது. எனக்குத் தெரியும். அவசரமில்ல, மெதுவாச் சொல்லுதேன். கொடை முடியுத வரைக்கும் உமக்கு லீவு, எனக்கு எப்பவுமே லீவு.

நேத்து ராத்திரி சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே ஒரு பிரசங்கம் வச்சீரு பாரும். “அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி இப்ப ஒண்ணாவது வருதா மாமா? எல்லாம் ஒரே சத்தம்.” உம்ம மவன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கல. நான் மோர் வாங்குத சாக்குல சிரிப்பை அடக்கிக்கிட்டேன். வே, அந்தக் காலம்னு சொல்லுததுக்கு ஒரு வயசு வேண்டாமா? உம்ம அந்தக் காலம் எனக்கு முந்தாநாளு.

1992 ஆகஸ்ட் 15-ல படம் வந்தது. பாட்டு அதுக்கு முந்தியே வந்துட்டு. அப்ப எனக்கு முப்பத்தெட்டு வயசு, பஜார்ல ரேடியோ ரிப்பேர் கடை. ரிப்பேர் பேருக்குத்தான், சோறு போட்டது ரெக்கார்டிங். சீட்டுல பாட்டை எழுதிக் குடுத்தா காலி கேசட்டுல பதிஞ்சு குடுக்கது. என் காது அன்னக்கிளிக்குப் பழகின காது. 1976-ல அந்தப் படம் வந்ததுல இருந்து பதினாறு வருசமா இளையராஜாதான் எங்க வீட்டுல உலை வச்சாரு. மணிரத்னம் படம்னாலும் அவருதான், முந்தின வருசம் தளபதி வரைக்கும். திடீர்னு பாத்தா யாரோ ரகுமானாம். பொறந்தப்ப திலீப்குமாராம். ராஜாகிட்டயே கீபோர்டு வாசிச்ச பையனாம், விளம்பரத்துக்கு டியூன் போட்டுக்கிட்டு இருந்தவனாம், கோடம்பாக்கத்துல வீட்டோட சேத்து ஒரு ஸ்டுடியோவைக் கட்டிக்கிட்டு அதுக்குள்ளயே உக்காந்து எல்லாத்தையும் செய்யுதானாம். ஒரு பெரிய கூடத்துல நாப்பது அம்பது வயலின்காரங்க ஒண்ணா உக்காந்து, ஒருத்தர் தும்மினாலும் மொதல்ல இருந்து வாசிச்ச காலம் வே நாங்க கேட்டது. இந்தப் பையன் மொதல்ல தாளம், அப்புறம் இதை, அப்புறம் அதைன்னு தனித்தனியாப் பதிஞ்சு அடுக்குதானாம்னு கேள்விப்பட்டப்ப டீக்கடை பெஞ்சே கொந்தளிச்சிட்டு.

“இது பாட்டால? மாவு மில்லு ஓடுத மாதிரில்லா இருக்கு!” சொன்னது யாருன்னு நினைக்கீரு? உம்ம அப்பாவும் நானும்தான். இன்னைக்கும் அதுல ஒரு எழுத்தை நான் வாபஸ் வாங்க மாட்டேன். ஏசிக்கிட்டே பதிஞ்சு பதிஞ்சு வித்தேன், அது வேற கணக்கு. அந்த வருசம் தீவாளிக்கு உம்ம அத்தை கையில ஏறின ரெண்டு வளையலும் அந்த மாவு மில்லு போட்டதுதான். அவகிட்டக் கேட்டுப் பாரும், ராஜா பெரிய ஆளா ரகுமான் பெரிய ஆளான்னு. வளையலைத் தடவிக்கிட்டே பதில் சொல்லுவா.

அந்த வருசம் இசைக்கான தேசிய விருதுக்கு ரோஜாவும் ராஜாவோட தேவர் மகனும் சரிக்குச் சரியா முட்டிக்கிட்டு நின்னுது. ஓட்டு ரெண்டு பக்கமும் சமம். நடுவர் குழுவுக்குத் தலைவரு பாலு மகேந்திரா. வருசக்கணக்கா ராஜாவைத்தான் தன் படத்துக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருந்த மனுசன், கடைசி ஓட்டைக் கொண்டுபோய்ப் புதுப் பையனுக்குப் போட்டுட்டாரு. எங்க பெஞ்சுல ஓட்டு எடுத்திருந்தா முடிவு வேற. ஆனா எங்க பெஞ்சை டெல்லியில யாரு மதிக்கா?

எங்கய்யா கதையையும் கேட்டுக்கிடும். சிலோன் ரேடியோவுல விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டை நான் வச்சா, “தகரத்தை எவம்ல தட்டுதான்?”னு தோட்டத்துல இருந்தே கத்துவாரு. அவருக்குப் பாட்டுன்னா பாகவதரு. ஹரிதாஸ் மெட்ராஸ்ல மூணு தீவாளி பாத்த கதையை, என்னமோ தானே கூட இருந்து ஓட்டின மாதிரி சொல்லுவாரு. அந்த எங்கய்யாவை அவரு அய்யா ஏசுவாராம். அவரு செங்கோட்டைக் கிட்டப்பா நாடகத்துல பாடினதைக் கொட்டகையில உக்காந்து நேர்ல கேட்டவரு. மனுசத் தொண்டையில இருந்து நேரா வந்த பாட்டைக் கேட்டவனுக்குப் பெட்டிக்குள்ள இருந்து வாரது என்ன பாட்டும்பாராம். ஆக, ஏசுத வரிசை செங்கோட்டையில தொடங்கி நம்ம கடையநல்லூர் வரைக்கும் நிக்கு. நீரு இப்பதான் வந்திருக்கீரு. எனக்குப் பின்னால போய் நில்லும். முண்டக் கூடாது.

சரி, அழுகைக்கு வருவோம். வந்த அன்னைக்கு ஒரு குறை சொன்னீரு, ஞாபகம் இருக்கா? “போன்ல கேட்டா பாட்டு கொஞ்சம் வேகமா ஓடுது மாமா, குரலும் கீச்சுனு இருக்கு. ரீமாஸ்டர் பண்ணுதோம்னு கெடுத்துட்டானுவ.” எவனும் கெடுக்கல வே. உங்க வீட்டு டூ இன் ஒன் மெதுவா ஓடிச்சு.

உம்ம சித்தப்பா சவுதியில இருந்து தோள்ல தூக்கிட்டு வந்த பெட்டி. அதுக்கு மேல உங்கம்மா பூப்போட்ட துணி ஒண்ணு தச்சுப் போட்டிருப்பா. உள்ள மோட்டார்ல இருந்து சக்கரத்துக்கு ஒரு ரப்பர் பெல்ட்டு போகும், பொம்பளைப் பிள்ளைங்க சடைக்குப் போடுத ரப்பர் பேண்டு தண்டிதான் இருக்கும். அது விறைப்பா இருந்தா நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். உலகம் பூராவும் கேசட்டுக்கு அதுதான் கணக்கு. வெயில்ல கெடந்து பெல்ட்டு நெகிழ்ந்துட்டுன்னா சக்கரம் வழுக்கும், நாடா பின்தங்கும், பாட்டு மந்தமாகும், சுதியும் எறங்கும். உங்க வீட்டுப் பெட்டியில ‘சின்னச் சின்ன ஆசை’ பாடினது மின்மினி இல்ல, மின்மினிக்குப் பெரியம்மா. நீரு அந்தப் பெரியம்மா குரலைத்தான் முப்பது வருசமாக் காதுக்குள்ள வச்சிருக்கீரு. இப்ப அசல் பொண்ணு வந்து பாடினா யாரோ மாதிரி தெரியுது.

பெல்ட்டு நெகிழ்ந்தது எனக்கு அப்பவே தெரியும். கடைக்கு முன்னால போறப்பவே கேக்குமே. மாத்தியிருக்கலாம். உங்கப்பா ரிப்பேருக்குக் காசு குடுக்கிற ஆளா? “மச்சான்தான”ம்பாரு. சரி, மச்சான் வீட்டுப் பாட்டு மெதுவாவே ஓடட்டும்னு விட்டுட்டேன். உம்ம பால்யம் பூராவும் கொஞ்சம் நிதானமா நடந்துதுன்னு நீரு சொல்லிக்கிட்டுத் திரியுதீரே, அதுக்குக் காரணம் ஊரும் இல்ல, காலமும் இல்ல.

இன்னொண்ணு. ‘புது வெள்ளை மழை’ ஓடிக்கிட்டு இருக்கையில ஒரு எடத்துல நீரு சட்டுனு தலையைத் தூக்கி வாசலைப் பாத்தீரு. மச்சுச் சன்னல் வழியாக் கீழ இருந்தே நான் பாத்தேன். அந்த எடத்துல உமக்கு ஒரு குரல் கேட்டிருக்கணும். கேக்கல.

கேசட்டோட மேல்விளிம்புல ரெண்டு பிளாஸ்டிக் பல்லு இருக்கும். அதை ஒடிச்சிட்டா அப்புறம் ரெக்கார்டு பொத்தான் அமுங்காது; மேல எவனும் பதிய முடியாது. நான் ஒடிச்சித்தான் குடுத்தேன். நீரு அந்தப் பள்ளத்துல நோட்டுப் பேப்பரைச் சுருட்டித் திணிச்சிட்டு, பொத்தானை அமுக்கி, “ஆகாசவாணி, செய்திகள்”னு வாசிச்சீரு. ரெண்டு வரிகூட முடியல. பின்னால எங்கக்கா, உங்கம்மா, “ஏல, மோட்டாரை நிறுத்து, தொட்டி ரொம்பி வழியுது”ன்னு கத்துனா. நீரு பயந்துபோய்ப் பொத்தானை விட்டுட்டீரு. பாட்டுல அந்த இத்துணூண்டு எடத்துல மழை நின்னு மோட்டார் வந்துட்டு. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை அந்தக் கேசட்டு ஓடியிருக்கும், அத்தனை தடவையும் அக்கா மோட்டாரை நிறுத்தச் சொல்லியிருப்பா. போன்ல இருக்கது கோடம்பாக்கத்துல பதிஞ்ச பாட்டு. அதுல மழை நிக்காம பெய்யுது. அதைக் குறைன்னு யாருகிட்டப் போய்ச் சொல்ல முடியும்?

அப்ப ருக்குமணி? இருக்கட்டும், அதையும் சொல்லிடுதேன். கீழத்தெருவுல ஒரு கல்யாண வீடு. பந்தலுக்கு ரேடியோ செட்டு நம்முது. ஆம்பிளிபயர் பழுதாகி நான் திருகிக்கிட்டு இருந்த நேரத்துல, நீரு மணவறைக்குப் பக்கத்துல ஏறி நின்னு, கால்சட்டையைப் பிடிச்சிக்கிட்டு, அந்தப் பாட்டை ஒரு சொல்லு விடாம எடுத்து விட்டீரு. எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. கேள்வி கேக்குத பாட்டுல்லா அது? நீரு ஒவ்வொரு கேள்வியையும் பொண்ணு மொகத்தைப் பாத்தே கேட்டீரு! பந்தல்ல இருந்த கெழவிங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மாப்பிள்ளை எழுந்திரிச்சு ஓடப் பாத்தான். உங்கம்மாவுக்கு மொகத்தை எங்க கொண்டு வைக்கன்னு தெரியல. முந்தானையை வாயில பொத்திக்கிட்டுச் சிரிச்சா பாரும், கண்ணுல தண்ணி வருத வரைக்கும். எனக்கு அவ கூடப்பொறந்தவ. அப்படி அவ சிரிச்சு அதுக்கு முன்னால நான் பாத்ததில்ல. வீட்டுக்குப் போய் உம்ம முதுகுல நாலு வச்சா. அது உமக்கு நினைவிருக்கும். சிரிச்சது மறந்திருக்கும். மறந்ததுக்குத்தான் அழுதீரு.

காப்பி ஆறுது, குடியும்.

இப்ப அந்தப் படத்தைப் பத்திக் கொஞ்சம் கேளும். விவரம் தெரிஞ்சு அழுதா அழுகைக்கு ஒரு மரியாதை உண்டு. காஷ்மீர் பனின்னு வாயப் பொளந்து பாத்தீரே, காஷ்மீர்ல அப்ப துப்பாக்கிச் சூடு. அதனால மணாலியிலயும் குன்னூர்லயும் வச்சு எடுத்தாங்க. குன்னூருக்கு நம்ம ஊர்ல இருந்து ராத்திரி பஸ்ஸு ஏறினா விடிய எறங்கிடலாம். அதை விடும், கதையில ரோஜா பொறந்த ஊரு, நம்ம சுந்தரபாண்டியபுரம். கண்டக்டர் சில்லறை குடுத்து முடிக்கிறதுக்குள்ள வந்துடும். நீரு அமெரிக்காவெல்லாம் போயிட்டு வந்திருக்கீரு, சுந்தரபாண்டியபுரத்துல எறங்கி ஒரு டீ குடிச்சிருக்கீரா? இப்ப சூரியகாந்தி பூக்குத மாசம் வந்தா கேரளாவுல இருந்து கார் காராக் கட்டி வந்து செல்பி எடுத்துட்டுப் போறானுவ. அவனுவளுக்கும் பங்கு உண்டு, மறுக்க முடியாது. மின்மினி, சுஜாதா, உண்ணி மேனன் எல்லாம் அந்தப் பக்கத்து ஆளுங்கதான. நீரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுல நரம்பு பொடைக்க மார்ச் பண்ணின ‘தமிழா தமிழா’ பாடின ஹரிஹரன் பம்பாய்த் தமிழரு. ‘காதல் ரோஜாவே’ பாடின பாலசுப்ரமணியத்துக்குத் தாய்மொழி தெலுங்கு. உம்ம ஊர்ப் பாட்டு, உம்ம மண்ணுப் பாட்டுன்னு மார்தட்டுததுக்கு முன்னால இதையும் யோசிச்சுக்கிடும்.

காதல் பாட்டுன்னு அந்தக் ‘காதல் ரோஜாவே’யை நீரு காலேஜ்ல எவளுக்கோ கேசட்டுல பதிஞ்சு குடுத்தீரே, அதுவும் எனக்குத் தெரியும், பதிஞ்சது நானில்லா. அந்தப் பாட்டு என்னது? தீவிரவாதி கையில மாட்டிக்கிட்ட மனுசன், பொண்டாட்டியை இனிமே பாப்போமோ மாட்டோமோன்னு உருகுத பாட்டு. அந்தப் பொண்ணு பதிலு எழுதாததுல ஆச்சரியம் இல்ல. ஜெயில் பாட்டுக்கு யாரு வே பதில் எழுதுவா?

உம்ம ஆபீஸ்ல ஒரு வடநாட்டுக்காரர் இருக்காருன்னு சொன்னீரு, அவரும் இதே ரோஜா பாட்டுகளுக்கு உருகுதாராம், ஆனா இந்தியில. அவருக்கு அதுதான் அசலு. இந்தியிலயும் சின்ன ஆசையைப் பாடினது அதே மின்மினிதான். ரெண்டு பேரும் கேன்டீன்ல உக்காந்து யாரு பால்யம் ஒசத்தின்னு சண்டை போட்டீங்களாம். கம்பெனி உங்களுக்குச் சம்பளம் வேற குடுக்கான்.

இப்ப விசயத்துக்கு வாரேன். உம்ம மவன் காதுல எந்நேரமும் ரெண்டு பஞ்சு மாதிரி எதையோ வச்சிக்கிட்டுத் திரியுதான். அவனைப் பிடிச்சு உக்கார வச்சு, “இதைக் கேளுடா, இதுதான் பாட்டு”ன்னு ரோஜாவைப் போட்டீரு. அவன் ரெண்டு நிமிசம் கேட்டுட்டு என்ன சொன்னான்? “இது பொன்னியின் செல்வனுக்குப் போட்டவர்தானப்பா?” அவ்வளவுதான். உமக்கு மொகம் சுருங்கிட்டு. எனக்கு அவனைத் தூக்கி முத்தம் குடுக்கணும் போல இருந்துது. அவன் கேட்டது சரியான கேள்வி வே! 1992-ல உக்காந்த அதே மணிரத்னமும் அதே ரகுமானும் 2022-லயும் உக்காந்து பொன்னியின் செல்வனுக்கு வேலை பாத்திருக்காங்க. முடி நரைச்சிருக்கு, மிஷினு மாறியிருக்கு, அவங்க பாட்டுக்கு அடுத்த பாட்டு, அடுத்த பாட்டுன்னு போய்க்கிட்டே இருக்காங்க. பாட்டுக் கட்டினவங்க ரெண்டு பேரும் 1992-ஐ விட்டுக் கெளம்பி முப்பது வருசம் ஆச்சு. கேட்ட நீருதான் இன்னும் பஸ்ஸுக்குக் காசு இல்லாத மாதிரி அங்கயே நிக்கீரு.

அதுக்காகக் கேக்காதீருன்னு சொல்லல. கேளும். ஆனா கேக்குத மாதிரி கேளும். மச்சுல அந்த டப்பாவுல வேண்டாம். உம்ம மவன்கிட்ட அந்தப் பஞ்சைக் கடன் வாங்கும். கெஞ்சித்தான் வாங்கணும், குடுக்க மாட்டான். காதுல வச்சிக்கிட்டு, பாடுத குரலை விட்டுடும். அதுதான் மனப்பாடமா இருக்கே. அடியில ஓடுத பேஸைப் பிடியும். உங்க டூ இன் ஒன்னுல இருந்த ஸ்பீக்கரு என் உள்ளங்கை அகலம். அதுல தாழ்ந்த சத்தம் ஏறாது. ஏறினாலும் உங்கம்மா தச்ச பூப்போட்ட துணி குடிச்சிடும். அதனால அந்தப் பாட்டோட அஸ்திவாரத்தை நீரு இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல, மாடியை மட்டும் பாத்துட்டு வீட்டைப் புகழ்ந்துக்கிட்டு இருக்கீரு. ‘சின்னச் சின்ன ஆசை’யில குரலுக்கு அடியில தாளம் எங்க விழுதுன்னு மட்டும் விரல்ல எண்ணும். நம்ம ஊரு ஆளு தட்டுத எடத்துல விழாது, அதுக்குக் கொஞ்சம் தள்ளி விழும். நான் கடையில பெரிய ஸ்பீக்கர்ல அதைத்தான் கேட்டேன். கேட்டுக்கிட்டேதான் ஏசினேன். தாளத்தை எங்க வைக்கணுமோ அங்க வைக்காம, வைக்காததையும் சரியா வச்சிருக்கானேன்னுதான் ஆத்திரம். பெஞ்சுல அதைச் சொல்ல முடியுமா? மாவு மில்லுன்னு சொல்லி முடிச்சிட்டேன்.

அப்புறம், பையன் வைக்கிற பாட்டையும் ஒரு தடவை கேளும். பிடிக்கலைன்னா ஏசும். தாராளமா ஏசும், ஏச உமக்கு வயசு வந்துட்டு. ஆனா முழுசாக் கேட்டுட்டு ஏசும். நேத்து நீரு ஏசின பாட்டு ரெண்டாவது சரணத்துல எப்படித் திரும்புதுன்னு உமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ராத்திரி நீங்கெல்லாம் தூங்கின பொறவு அவன் எனக்கு ஒரு காதுல வச்சு விட்டான். நல்ல சத்தம். நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்னு கேக்கீரா? மாவு மில்லுன்னுதான் சொன்னேன். அவன் இன்னும் ரெண்டு பாட்டு வச்சான்.

என்ன எழுந்திரிச்சிட்டீரு? கோயில்ல வில்லுப்பாட்டு தொடங்க இன்னும் நேரம் கெடக்கு. இரும், ஒரு சின்னக் காரியம். அந்த டப்பா ஸ்பீக்கரு... நீரு ஊருக்குப் போறப்ப பொருளை மறந்து வச்சிட்டுப் போறது உங்க பரம்பரை வழக்கம். உங்கப்பா ஒரு தடவை குடையை மறந்தாரு, இன்னொரு தடவை டார்ச் லைட்டை. ரெண்டும் பத்திரமா எங்கிட்டதான் இருக்கு. உம்ம அத்தைக்கு அன்னக்கிளி கேக்கணுமாம், அவ வாயைத் தொறந்து கேக்க மாட்டா. அதனால நீரு எதை மறக்கணும்னு நான் சொல்லத் தேவையில்ல. சத்தம் கூட்டுத பொத்தான் எதுன்னு மட்டும் காட்டிக் குடும்.